சொந்த நாட்டில் இல்லாத உரிமை, பக்கத்து நாட்டில்

ஜெர்மனியில் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து போன பெற்றோருக்கு அங்கேயே பிறந்து வளர்ந்து ஜெர்மன் குடியுரிமை பெற்ற ஓர் இளைஞர். எதிர்வீட்டில் புதுச்சேரிக்காரர் ஒருவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பத்தின் பேரன். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே சம்பளம், ஒரே வரி. இருவருக்கும் ஒரே தை மாதத்தில் கல்யாணம் நடக்கிறது, முன்னவருக்குச் சாவகச்சேரியில், பின்னவருக்குக் கடலூரில். ஜெர்மன்காரரின் மனைவி ஜெர்மன் மொழி படித்து, ஏ1 என்ற அடிப்படை நிலைத் தேர்வில் தேறி, அந்தச் சான்றிதழோடுதான் விசாவுக்குப் போகவேண்டும். 2007 ஆகஸ்டிலிருந்து இதுதான் விதி. சில விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பிக் காத்திருக்க முடியாது. பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு மொழித் தேர்வு கிடையாது. விசாக் கட்டணமும் கிடையாது.

இதை முதன்முதலில் கேட்பவர்கள் நம்புவதில்லை. ஜெர்மன் குடிமகனுக்கு ஜெர்மனியிலேயே உரிமை குறைவா என்று கேட்பார்கள். குறைவுதான். ப்ளூ கார்டு என்ற உயர்தகுதி வேலை அனுமதியில் இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன மென்பொருள் பொறியாளரின் மனைவிக்குக்கூட ஏ1 கேட்பதில்லை. அது மட்டுமா, அதே ஜெர்மன்காரர் புது மனைவியோடு பத்து நாள் இத்தாலி போய்வர நினைத்தால், இத்தாலியத் தூதரகம் அந்தப் பெண்ணுக்குக் கட்டணமில்லாமல், சீக்கிரமாக விசா கொடுத்தாகவேண்டும். தன் வீட்டுக்கு அழைத்துப்போகத்தான் பரீட்சை. எனக்கு இது இன்றுவரை நியாயமாகப் படவில்லை. ஆனால் இது ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் போடுகிறவர்கள் பணத்தையும் மாதங்களையும் தொலைக்கிறார்கள். அதனால் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த விதி எங்கே வேர்விட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 என்ற உத்தரவு. 2004 ஏப்ரலில் வந்தது, உறுப்பு நாடுகள் 2006 ஏப்ரல் முடிவதற்குள் தத்தம் சட்டத்தில் சேர்த்திருக்கவேண்டும். அதன் 3ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: தன் குடியுரிமை எந்த நாட்டுடையதோ அந்த நாட்டைத் தவிர வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போகிற, அல்லது அங்கே வசிக்கிற ஒன்றியக் குடிமக்களுக்கும், அவர்களோடு வரும் அல்லது அவர்களிடம் வந்து சேரும் குடும்பத்தினருக்கும் இது பொருந்தும். தாலி கட்டியதால் வந்த உரிமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டம் பார்ப்பது அதை மட்டுமல்ல. கணவனோ மனைவியோ தன் நாட்டைவிட்டு இன்னொரு உறுப்பு நாட்டுக்குக் குடிபெயர்ந்தாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. வெளிநாட்டுத் துணையின் உரிமை அந்தப் பெயர்ச்சியின் நிழல். பெயர்ச்சி இல்லையென்றால் அந்தந்த நாட்டின் உள்ளூர்க் குடிவரவுச் சட்டம் மட்டும்தான். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் குடிமக்களுக்கும் இதே உத்தரவு பொருந்தும்; சுவிட்சர்லாந்துக்குத் தனி ஒப்பந்தம்.

ஒரு சிங் தொடுத்த கேள்வி

அப்படியானால் சொந்த நாட்டுக்குத் திரும்பி வருகிறவர் கதி என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கித் தந்தவர் ஓர் இந்தியர். சுரிந்தர் சிங் 1982 அக்டோபரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். 1983லிருந்து 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்தார்கள். 1985 முடிவில் ஒரு தொழில் தொடங்குவதற்காக பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். அவருக்குப் பிரிட்டிஷ் குடிமகளின் கணவர் என்ற வகையில், உள்ளூர்ச் சட்டப்படி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தங்க அனுமதி கொடுத்தார்கள். 1987இல் விவாகரத்து வழக்கில் இடைக்கால ஆணை வந்ததும் அந்த அனுமதியைச் சுருக்கினார்கள், நிரந்தர அனுமதியை மறுத்தார்கள், 1988 டிசம்பரில் நாடுகடத்தும் உத்தரவும் போட்டார்கள்.

பிரிட்டிஷ் அரசின் வாதம் எளிமையானது. மனைவி தன் சொந்த நாட்டுக்குத்தான் திரும்பினார், அதற்கு ஒன்றியச் சட்டம் எதற்கு, குடியுரிமையே போதுமே. ஆகவே கணவருக்கும் உள்ளூர்ச் சட்டமே பொருந்தும் என்றது. லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் 1992 ஜூலை 7 அன்று இதை ஏற்கவில்லை. அது சொன்ன காரணம் நம் வீடுகளில் பேசுகிற நடைமுறைப் பேச்சுதான். திரும்பி வரும்போது கணவனையோ மனைவியையோ உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தால், ஒருவர் வேலைக்காக வெளிநாடு போகவே தயங்குவார். அந்தத் தயக்கமே சுதந்திர நடமாட்டத்துக்குத் தடை. ஆகவே இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவரின் துணைக்கு, குறைந்தபட்சம் அந்த அந்நிய நாட்டில் கிடைத்த அளவு உரிமையாவது சொந்த நாட்டிலும் கிடைக்கவேண்டும். இந்தத் தீர்ப்பிலிருந்துதான் 'சுரிந்தர் சிங் வழி' என்ற பெயரே பிறந்தது. இன்றும் ஐரோப்பா முழுவதும் குடிவரவு வழக்கறிஞர்கள் அந்தப் பஞ்சாபிப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அதன்பின் நடந்ததைப் பார்த்தால் குடும்பங்கள் எவ்வளவு தூரம் போகத் தயாராக இருக்கின்றன என்று புரியும். டென்மார்க் 2002இல் தம்பதியர் இருவருக்கும் 24 வயது ஆகியிருக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கூடவே வங்கி உத்தரவாதம், டென்மார்க்கோடு இருவருக்கும் சேர்ந்து எவ்வளவு பிணைப்பு இருக்கிறது என்ற அளவுகோல். 2000 ஜூலையில்தான் ஓரெசுண்ட் பாலம் திறந்திருந்தது. டேனிஷ் குடிமக்கள் பலர் பாலத்தின் அந்தக் கரையில், ஸ்வீடனின் மால்மோவில் வீடு எடுத்தார்கள். பகலில் கோபன்ஹேகனில் வேலை, இரவில் மால்மோவில் மனைவியோடு. டச்சுக்காரர்களுக்கு பெல்ஜியம் இருந்தது. அவர்கள் மொழியில் இதற்குப் பெயரே பெல்ஜிய வழி. 2012இல் பிரிட்டன் ஆண்டுக்கு 18,600 பவுண்ட் வருமானம் வேண்டும் என்று விதித்தபோது பிரிட்டிஷ் குடும்பங்கள் அயர்லாந்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பின. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக ஏறியும் விட்டது.

இந்த வழியில் போகிறவர்களை ஏய்ப்பவர்கள் என்று பேசுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. சொந்த நாடு மறுக்கிறது, சட்டம் பக்கத்து நாட்டில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அதில் நுழைகிறார்கள். போலிக் கல்யாணத்தைத் தடுக்க அதே உத்தரவில் 35ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ஆனால் நுழைவதை முழுசாகச் செய்யவேண்டும். 2014 மார்ச்சில் நெதர்லாந்திலிருந்து போன இரண்டு வழக்குகளில் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு மொராக்கோக்காரர் பெல்ஜியத்தில் ஒரு வாடகை வீட்டில் தங்கினார். நெதர்லாந்தில் இருந்த அவருடைய துணை வார இறுதிகளில் வந்துபோனார். வார இறுதிகளை எத்தனை கூட்டினாலும் குடியிருப்பு ஆகாது என்றது நீதிமன்றம். மூன்று மாதத்துக்கு மேல் இருவரும் உண்மையாக அங்கே வாழ்ந்திருக்கவேண்டும், குடும்ப வாழ்க்கை அங்கே உருவாகியோ உறுதிப்பட்டோ இருக்கவேண்டும். ஆகவே மால்மோவுக்கோ பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்கோ போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைல் போட்டுக்கொள்வது நல்லது: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், நகராட்சிப் பதிவு, மாதாமாதம் சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது, மருத்துவரிடம் பதிவு செய்த தாள், குழந்தை இருந்தால் பள்ளிக் கடிதம். திரும்பி வந்து இரண்டு வருடம் கழித்து இவற்றைத் தேடினால் கிடைக்காது.

விண்ணப்பப் படிவத்தில் ஐந்து நட்சத்திரங்கள்

இனி புதுச்சேரிக்காரரின் மனைவி விசாவுக்குப் போகும் இடத்துக்கு வருவோம். அதே 2004/38 உத்தரவின் 5ஆம் பிரிவின்படி நுழைவு விசா இலவசம், விரைவு நடைமுறையில் கொடுக்கவேண்டும், தேவையான எல்லா வசதியும் செய்துதரவேண்டும். மற்றவர்களுக்கு, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வர உதவும் ஷெங்கன் விசாவுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. எத்தனை நாளில் என்று உத்தரவு சொல்லவில்லை. நான்கு வாரத்தைத் தாண்டினால் நியாயமில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொன்னது. ஷெங்கன் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். 17ஆம் கட்டத்தில் ஒன்றியக் குடிமகனின் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, பாஸ்போர்ட் எண், 18இல் உறவுமுறை. இந்த இரண்டையும் கட்டாயம் நிரப்பவேண்டும். 21, 22, 30, 31, 32 ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். வேலை என்ன, முதலாளி யார், அழைத்தவர் யார், அழைத்த நிறுவனம் எது, செலவு யார் ஏற்கிறார்கள் என்ற கேள்விகள் அவை. ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் இவற்றை நிரப்பவேண்டாம் என்று படிவமே சொல்கிறது. அப்படியும் பயந்துபோய் எல்லாவற்றையும் நிரப்பி, ஆறு மாத வங்கிக் கணக்கு, ஹோட்டல் முன்பதிவு, பயணக் காப்பீடு, தாசில்தார் சான்றிதழ் என்று ஒரு கட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் கவுன்டரில் இருப்பவர் இதைச் சுற்றுலா விசாவாகவே கையாள ஆரம்பித்துவிடுவார். அதன்பின் "திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை" என்ற வழக்கமான மறுப்பு வருவதில் ஆச்சரியமில்லை. குடும்பத்தினருக்கு அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கவே முடியாது.

கொடுக்கவேண்டியவை மிகக் குறைவு. தன் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், ஒன்றியக் குடிமகனின் பாஸ்போர்ட் நகல், அவர் அந்த நாட்டில் இருக்கிறார் அல்லது கூடவே பயணிக்கிறார் என்பதற்கு ஆதாரம். ஜெர்மனியில் வேலை செய்பவரென்றால் முகவரிப் பதிவும் வேலைக் கடிதமும் போதும். மேலே ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்: இன்ன நாட்டுக் குடிமகனின் மனைவி, அவர் இன்ன நாட்டில் வசிக்கிறார், 2004/38 உத்தரவின் 5ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கிறேன் என்று மூன்றே வரி. தூதரகங்களுக்காக விண்ணப்பம் வாங்கும் வெளிச் சேவை மையங்கள் வழியாகத்தான் வரவேண்டும், சேவைக் கட்டணம் கட்டவேண்டும் என்று குடும்பத்தினரைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதும், கட்டணமில்லாமல் நேரடியாகத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கவேண்டும் என்பதும் ஆணையத்தின் விசாக் கையேட்டிலேயே இருக்கிறது. நடைமுறையில் நேரம் ஒதுக்கும் இணையதளத்தில் அந்தத் தெரிவே கண்ணில் படாது. தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கவேண்டும். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் கையில் இருக்கும்.

தமிழ்ப் பெயர்கள்தான் இங்கே பெரிய தலைவலி. சார்பதிவாளர் அலுவலகம் கொடுத்த திருமணச் சான்றிதழில் 'ஆர். மீனாட்சி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்தில் 'மீனாட்சி ராமசாமி', குடும்பப் பெயர்க் கட்டம் காலி. கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் கணவர் பெயரையும் சேர்த்திருப்பார்கள். ஐரோப்பிய அதிகாரிக்கு இது மூன்று வேறு பெண்கள். குடும்பப் பெயர் இல்லாமல் அவர்களுடைய கணினி நகராது. சில இடங்களில் முழுப்பெயரையும் குடும்பப் பெயராகவே ஏற்றிவிடுவார்கள், பிறகு வங்கிக் கணக்கு, காப்பீடு, வரி என்று ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துவிடுவதும், தந்தை பெயர் முழுதாக உள்ள பிறப்புச் சான்றிதழைக் கூடவே வைப்பதும், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவதும் பல மாதங்களை மிச்சப்படுத்தும். கோயில் ரசீதும் பத்திரிகையும் ஆல்பமும் சான்று ஆகாது. பதிவு வேண்டும், தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம்தான். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை 2005லிருந்து இந்தியாவுக்கு உண்டு. ஆனால் இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் அப்போஸ்டில் குத்திய தாளை நீட்டிவிட்டு வேலை முடிந்தது என்று ஜெர்மனி விஷயத்தில் இருந்துவிடக்கூடாது.

அட்டை வரும் வரை, வந்த பிறகு

ஊர் போய்ச் சேர்ந்தபின் முதல் மூன்று மாதம் பாஸ்போர்ட்டைத் தவிர எந்த நிபந்தனையும் இல்லை. அதற்கு மேல் தங்க, ஒன்றியக் குடிமகன் வேலை பார்ப்பவராகவோ, சொந்தத் தொழில் செய்பவராகவோ, அல்லது போதிய வசதியும் முழு மருத்துவக் காப்பீடும் உள்ளவராகவோ இருக்கவேண்டும். மாணவர்களுக்கும் தனி வகை உண்டு. வேலை என்றால் எவ்வளவு வேலை என்று பயப்படவேண்டாம். நெதர்லாந்தில் வாரத்துக்கு 12 இசைப் பாடம் எடுத்துக்கொண்டு, மீதிக்கு அரசு உதவி வாங்கிய ஒரு ஜெர்மன் ஆசிரியரையும் உழைப்பாளி என்றே 1986இல் நீதிமன்றம் ஏற்றது. வேலை பார்ப்பவருக்கு இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற வரம்பு உத்தரவில் இல்லை.

வெளிநாட்டுத் துணை தன் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அங்கேயே, அன்றே, விண்ணப்பித்ததற்கான சான்று கொடுக்கவேண்டும். அதை வாங்காமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவேண்டாம். அட்டை வர ஆறு மாதம் வரை ஆகலாம். வேலை செய்யும் உரிமை அட்டையால் வருவதில்லை, 23ஆம் பிரிவால் முன்பே வந்துவிட்டது. ஆனால் சம்பளப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு தாள் வேண்டும், அந்தத் தாள் இந்தச் சான்றுதான். அட்டைக்கான கட்டணம் உள்ளூர்க்காரர்கள் அதேபோன்ற ஆவணத்துக்குக் கட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கமுடியாது. அட்டை பொதுவாக ஐந்து வருடத்துக்கு. கைக்கு வந்ததும் அதன் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். 2021 ஆகஸ்டுக்குப் பிந்தைய புது வடிவ அட்டைகளில் 'ஃபேமிலி மெம்பர் ஈயூ ஆர்ட் 10' என்று தொடங்கி 2004/38 என்ற எண்ணோடு ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி இல்லாமல், சாதாரணக் குடிவரவு அட்டையைத் தவறாகக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அந்த வரி இருந்தால்தான், கணவரோடு அயர்லாந்து போகும்போது விசா கேட்கக்கூடாது. ஷெங்கனுக்குள் (அயர்லாந்து அதில் இல்லை) எந்த அட்டையும் ஓடும் என்பதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் தெரியாமலே கிடந்து, டப்ளின் விமானத்தில் ஏறும்போதுதான் வெளிப்படும். விமான நிலையக் கவுன்டரில் நிற்பவருக்கு உத்தரவின் எண் தெரியாது. திருமணச் சான்றிதழ் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள்.

மறுத்தால் எழுத்தில், காரணத்தோடு, எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரத்தோடு மறுக்கவேண்டும். நீதிமன்றத்துக்குப் போகுமுன் சால்விட் என்ற இலவச சேவை இருக்கிறது. 2002லிருந்து இயங்குகிறது, பத்து வாரத்துக்குள் தீர்வு காண்பது அதன் இலக்கு. மேல்முறையீட்டுக் கெடு அதற்காக நிற்காது என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும்.

கிளம்பும் தேதி

உரிமை நிழல் என்று சொன்னேன். அதன் கசப்பான பக்கம் மணமுறிவில் தெரியும். 13ஆம் பிரிவின்படி, விவாகரத்து வழக்கு தொடங்கும் முன் திருமணம் மூன்று வருடமாவது நீடித்திருந்து, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால், வெளிநாட்டுத் துணை தொடர்ந்து இருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அயர்லாந்திலிருந்து போன இன்னொரு சிங்கின் வழக்கில் 2015இல் தீர்ப்பு வந்தது. குல்தீப் சிங்கின் லாட்வியா நாட்டு மனைவி 2010 பிப்ரவரியில் அயர்லாந்தைவிட்டுப் போய்விட்டார். விவாகரத்து மனு அதே வருடம் டிசம்பரில்தான் போடப்பட்டது. மனு போடும் முன்பே ஒன்றியக் குடிமகள் நாட்டைவிட்டுப் போய்விட்டதால், கணவரின் உரிமையும் அன்றே முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை. முதல் சிங்கின் தீர்ப்பு மனைவியோடு சேர்ந்து திரும்பியவருக்குக் கதவைத் திறந்தது. இரண்டாவது சிங்கின் தீர்ப்பு மனைவி தனியாகக் கிளம்பிய நாளில் அதே கதவைச் சாத்தியது. ஆகவே பிரிவு உறுதியாகிவிட்டதென்றால், மற்றவர் நாட்டைவிட்டுப் போகும் தேதிக்கு முன் மனு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கவேண்டும். ஊரில் இருக்கும் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் காத்திருப்பு இங்கே வதிவிட உரிமையையே பறித்துவிடும்.

அடி உதை இருந்த வீடுகளுக்கு 2021 செப்டம்பரில் கொஞ்சம் இளக்கம் வந்தது. பெல்ஜியத்திலிருந்து போன அந்த வழக்கில், வன்முறைக்கு ஆளானவர் விஷயத்தில் மற்றவர் போனபின் மனு போட்டாலும் செல்லும், ஆனால் நியாயமான காலத்துக்குள் போட்டிருக்கவேண்டும் என்றது நீதிமன்றம். ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துப் போடுவது தாமதம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. அதனால் முதல் அடி விழுந்த அன்றைக்கே மருத்துவரிடம் போய் எழுதி வாங்கிய தாள், போலீஸ் புகாரின் எண், காப்பகத்தில் தங்கியிருந்தால் அந்தக் கடிதம் ஆகியவற்றைத் தேதியோடு வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கவேண்டும். பாஸ்போர்ட்டின் நகலும் வதிவிட அட்டையின் இரண்டு பக்க நகலும் அதே உறையில் இருக்கட்டும்.